மண் விளக்கில் பதிந்த வணிக முத்திரை

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் நம் கடைகளில் அகல் விளக்கும், திரிக்கட்டும், தீப எண்ணெயும் தனி வேகத்தில் நகரத் தொடங்கும். அகலில் வரும் லாபம் சொற்பம். உடைசல் போக மிஞ்சுவது இன்னும் சொற்பம். ஆனால் அகல் வாங்க வருகிறவர் எண்ணெயும் வாங்காமல் போவதில்லை. வியாபாரம் எண்ணெயில்தான் என்பது மளிகைக்கடைக்காரர் அனைவரும் அறிந்த கணக்கு.

இந்தக் கணக்கு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசின் வணிகர்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் கடை நடத்தியிருக்கிறார்கள். அவர்கள் விற்ற சுட்ட மண் விளக்குகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் முதல் ஐரோப்பாவின் சிறு ஊர் அருங்காட்சியகங்கள் வரை கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள விளக்குகளின் பட்டியல் மட்டும் 1975 முதல் 1996 வரை நான்கு பெரும் தொகுதிகளாக வெளியாயிற்று என்றால் சரக்கின் அளவை ஊகித்துக்கொள்ளலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அவை கைக்கடக்கமான மண் பாண்டங்கள். வணிகர் கண்ணுக்கோ அவற்றில் கம்பெனிப் பெயர், கிளை, போலிச் சரக்கு, அளவுக் குறைப்பு, விலைக் கட்டுப்பாடு என்று நம் தொழிலின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அச்சு வந்தது, விலை இறங்கியது

ஆதியில் கிரேக்கக் குயவர்கள் விளக்கைச் சக்கரத்தில் வைத்து ஒவ்வொன்றாக வனைந்தார்கள். ஒரு குயவர் ஒரு நாளில் செய்யக்கூடிய எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன் அச்சு முறை வழக்கத்துக்கு வந்தது. முதலில் கெட்டியான ஒரு மாதிரி விளக்கைச் செய்வார்கள். அதன் மேல்பாதிக்கு ஒன்றும் கீழ்ப்பாதிக்கு ஒன்றுமாகக் களிமண்ணிலோ சுண்ணச் சாந்திலோ இரண்டு அச்சுகள் எடுப்பார்கள். இரண்டிலும் ஈரக் களிமண்ணை அழுத்தி, இரு பாதிகளையும் ஒட்டி, எண்ணெய் ஊற்றவும் திரி போடவும் துளையிட்டு, உலர்த்திச் சூளையில் வைத்தால் விளக்கு தயார். வனையும் கைத்திறன் இல்லாத ஆளும் இந்த வேலையைச் செய்துவிடலாம். நம் அகலைப் போல் திறந்த வாயாக இல்லாமல், மேலே மூடிய உடலும் முன்னே நீண்ட மூக்கும் கொண்டவை இவை. எண்ணெய் எளிதில் சிந்தாது. தூசியும் அதிகம் விழாது.

அச்சு வந்தபின் விளக்கின் மேல்தட்டில் தெய்வ உருவம், வீரர் சண்டை, விலங்கு, பூ என்று சித்திரங்கள் பெருகின. வாங்குபவர் கண்ணைக் கவர்வதற்கான வழி இது. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வட இத்தாலியில் சிலர் இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார்கள். சித்திரத்தைக் குறைத்துவிட்டு விளக்கின் அடிப்பக்கத்தில், புடைத்த எழுத்தில், கம்பெனிப் பெயரைப் பதித்தார்கள். ஸ்ட்ரோபிலி, கொம்மூனிஸ், யூகார்ப்பி, விபியானி என்று பல பெயர்கள் காணப்படுகின்றன. இவற்றை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ‘ஃபிர்மாலாம்பன்’, அதாவது கம்பெனி விளக்குகள் என்றே அழைக்கிறார்கள்.

இந்த விளக்குகளின் அமைப்பும் வியாபார நோக்கில் கவனிக்கத்தக்கது. மேல்தட்டிலிருந்து மூக்குவரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கும். ஊற்றும்போது சிந்துகிற எண்ணெய் அதன் வழியே திரிக்கே போய்ச் சேரும். எண்ணெய் வீணாகாத விளக்கு என்று சொல்லி விற்கக்கூடிய சரக்கு.

ஃபோர்ட்டிஸ் என்னும் பெயர்

இந்தக் கம்பெனிகளிலெல்லாம் தலையாயது ‘ஃபோர்ட்டிஸ்’. லத்தீன் மொழியில் வலியவன் என்று பொருள். இந்தப் பெயர் பதித்த விளக்குகள் இத்தாலியில் மட்டுமல்லாமல் ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலும், ரைன், டான்யூப் நதிக்கரைகளிலும் நிறையவே கிடைத்துள்ளன.

ஃபோர்ட்டிஸ் கம்பெனியின் தலைமையிடம் வட இத்தாலியில் உள்ள மோதெனா நகரம் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கருதிவந்தார்கள். அன்று அந்நகருக்கு மூதினா என்று பெயர். 2008-ஆம் ஆண்டு அந்த ஊரில் கட்டட வேலையை ஒட்டி நடந்த அகழாய்வில், பழைய நகர மதிலுக்கு வெளியே குயவர்கள் கழிவைக் கொட்டிய பெரிய குழி ஒன்று அகப்பட்டது. சூளையில் கோணிப்போனவை, வெந்தும் வேகாதவை, உடைந்தவை என்று விற்பனைக்கு லாயக்கில்லாத சரக்கு அதில் குவிந்திருந்தது. அவற்றில் ஃபோர்ட்டிஸ் முத்திரை இருந்தது. அத்துடன் ஸ்ட்ரோபிலி, கொம்மூனிஸ், யூகார்ப்பி முதலிய போட்டிக் கம்பெனிகளின் முத்திரைகளும் அதே குழியில் இருந்தன. கழிவுச் சரக்கை யாரும் ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்க் கொட்டமாட்டார்கள் அல்லவா? ஆகவே உற்பத்தி நடந்த இடம் அதுவே என்பது உறுதிப்பட்டது. போட்டியாளர்கள் அத்தனை பேரும் ஒரே வட்டாரத்தில் தொழில் செய்திருக்கிறார்கள். பாத்திரக்கடைத் தெரு, மளிகைக்கடைத் தெரு என்று ஒரே தொழில் ஒரே தெருவில் கூடுவது நம் ஊர்களிலும் உள்ள வழக்கம்தான்.

பிரிக்கப்படாத பெட்டி

இந்த விளக்குகள் எப்படி விற்பனைக்குப் போயின என்பதற்கு ஓர் அரிய சாட்சி இருக்கிறது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பேயி நகரைச் சாம்பலில் மூடியது. அந்த நகரின் ஒரு வீட்டில் 1881-ஆம் ஆண்டு தோண்டியபோது சரக்குப் பெட்டி ஒன்றின் எச்சம் கிடைத்தது. அதில் தென் பிரான்சில் செய்த 90 சிவப்புக் கிண்ணங்களும், 40-க்குச் சற்றுக் குறைவான வட இத்தாலிய விளக்குகளும் இருந்தன. எல்லாம் புதுச் சரக்கு. பெட்டியைப் பிரித்துக் கடையில் அடுக்க உரிமையாளருக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டு வேறு நாட்டுச் சரக்கு ஒரே பெட்டியில் வந்திருப்பதைப் பார்த்தால், இடையில் ஒரு மொத்த வியாபாரி இரண்டையும் வாங்கிச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்ற சங்கிலி அன்றே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கிளையா? போலியா?

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. விளக்கோ மிக மலிவான பொருள். தரைவழிப் போக்குவரத்தோ அந்நாளில் மிகச் செலவு பிடிப்பது. மோதெனாவிலிருந்து மாட்டு வண்டியிலும் கழுதை மேலும் ஏற்றி, மலை கடந்து டான்யூப் கரை வரை கொண்டுபோனால் சரக்கின் விலையை வண்டிச் சத்தமே விழுங்கிவிடும். அப்படியானால் அத்தனை ஊர்களிலும் ஃபோர்ட்டிஸ் விளக்கு எப்படி வந்தது?

ஒரு சாரார் சொல்வது: ஃபோர்ட்டிஸ் கம்பெனியே ஆங்காங்கே கிளைகளைத் திறந்திருக்கலாம். தங்கள் அடிமைகளையோ விடுதலை பெற்ற பழைய அடிமைகளையோ பொறுப்பாளர்களாக அமர்த்தி வியாபாரம் நடத்துவது ரோமானிய வணிகர்களின் வழக்கம். வில்லியம் ஹாரிஸ் என்ற வரலாற்றாசிரியர் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கருத்தை விரிவாக எடுத்துரைத்தார்.

மற்றொரு சாரார் சொல்வது: பெரும்பாலானவை உள்ளூர்க் குயவர்கள் எடுத்த நகல்கள். விளக்கின் களிமண்ணைச் சோதனைச்சாலையில் ஆராய்ந்தபோது, தொலைதூர ஊர்களில் கிடைத்த பல ஃபோர்ட்டிஸ் விளக்குகள் அந்தந்த ஊர் மண்ணால் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. இன்றைய புடாபெஸ்ட் நகருக்குள் அடங்கிய அக்வின்கும் போன்ற இடங்களில் விளக்கு அச்சுகளே கிடைத்துள்ளன.

நகல் எடுப்பது மிகச் சுலபம். சந்தையில் ஓர் அசல் விளக்கை வாங்கி, அதன் மேலேயே களிமண்ணை அப்பி அச்சு எடுத்துவிட்டால் போதும். அடியில் புடைத்திருக்கும் ஃபோர்ட்டிஸ் என்ற எழுத்தும் அச்சில் தானாகவே பதிந்துவிடும். பெயரைத் திருட வேண்டும் என்று தனியாக முயலக்கூட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத குயவரும் கம்பெனி முத்திரையோடு விளக்கை வெளியிட முடிந்தது. இன்று போல முத்திரையைப் பதிவு செய்து காக்கும் அலுவலகமும் அன்று இல்லை. முதல் நூற்றாண்டில் புறப்பட்ட அந்தப் பெயர் மூன்றாம் நூற்றாண்டிலும் விளக்குகளில் பதிந்துகொண்டே இருந்தது.

சிறுத்துப்போன விளக்கு

ஆனாலும் நகலெடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்க ஒன்று இருந்தது. அது களிமண்ணின் இயல்பு. ஈரக் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து இது வேறுபட்டாலும், பத்தில் ஒரு பங்கு சுருக்கம் என்று வைத்துக்கொள்வோம். அசல் விளக்கு 10 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதிலிருந்து எடுத்த நகல் 9 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த நகலிலிருந்து இன்னொருவர் எடுத்தால் 8.1. மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது 7.3 சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். எழுத்தின் விளிம்பும் ஒவ்வொரு முறையும் மழுங்கும். அருங்காட்சியகத்தில் ஒரே மாதிரியான விளக்குகளை வரிசையாக வைத்து அளந்தே எது அசலுக்கு நெருக்கமானது, எது பல கை மாறிய நகல் என்று அறிஞர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

நாம் இதை எண்ணெய்க் கணக்கில் பார்ப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்று குறைந்தால் கொள்ளளவு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். நூறு மில்லி பிடித்த விளக்கின் முதல் நகலில் 73 மில்லிதான் பிடிக்கும். மூன்றாவது தலைமுறை நகலில் 40 மில்லிகூடப் பிடிக்காது. பெயர் அதே, உருவம் அதே; எரியும் நேரமோ பாதிக்கும் கீழே. ஒரே விலையில் விற்றுக்கொண்டே பொட்டலத்தின் எடையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிற சில பிஸ்கட், சோப்பு வகைகள் வாசகர்களுக்கு நினைவுக்கு வந்தால் அது தற்செயலல்ல. எடை குறைந்ததைத் தயாரிப்பாளரிடம் போய் யாரும் கேட்பதில்லை. கவுண்டரில் நிற்கும் நம்மைத்தான் கேட்கிறார்கள். அன்றும் ‘முன்பு வாங்கியது விடிய விடிய எரிந்தது, இது நடுச்சாமத்திலேயே அணைந்துவிட்டது’ என்று கடைக்காரரிடம்தான் வந்து சண்டை பிடித்திருப்பார்கள்.

விளக்கு மலிவு, எண்ணெய் கிராக்கி

கி.பி. 301-ஆம் ஆண்டு டயோக்ளீஷியன் என்ற ரோமப் பேரரசர் ஒரு விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தார். தானியம், எண்ணெய், துணி, கூலி, வண்டி வாடகை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்கு உச்ச விலை நிர்ணயித்துக் கல்லில் வெட்டி ஊர்தோறும் நாட்டினார். துருக்கியில் உள்ள அஃப்ரோடிசியாஸ் முதலிய இடங்களில் அந்தக் கல்வெட்டின் துண்டுகள் கிடைத்துள்ளன.

அதில் மண் விளக்கு பத்துக்கு விலை 4 தெனாரியஸ். ஆலிவ் எண்ணெயில் மூன்று தரம். ஏறக்குறைய அரை லிட்டர் கொண்ட ஒரு படிக்கு முதல் தரம் 40, இரண்டாம் தரம் 24, சாதாரண எண்ணெய் 12 தெனாரியஸ். வயலில் வேலை செய்யும் கூலியாளுக்குச் சாப்பாடு போக நாள் கூலி 25 தெனாரியஸ்.

ஒரு நாள் கூலியில் 60 விளக்கு வாங்கிவிடலாம். ஆனால் அதே கூலியில் மட்டமான எண்ணெய் இரண்டு படி வாங்கினால் கையில் ஒரு தெனாரியஸ்தான் மிஞ்சும். ஒரு படி மட்ட எண்ணெயின் விலையும் 30 விளக்கின் விலையும் ஒன்று. இந்த ஆணை ஃபோர்ட்டிஸ் கம்பெனியின் செழிப்பான காலத்துக்கு இரண்டு நூற்றாண்டு பிந்தியது. நாணயத்தின் மதிப்பும் இடையில் மிகவும் இறங்கிவிட்டது. இருந்தாலும் விளக்குக்கும் எண்ணெய்க்கும் உள்ள ஏற்றத்தாழ்வை இந்தப் பட்டியல் தெளிவாகக் காட்டுகிறது.

அந்த ஆணையின் கதி என்னவாயிற்று என்பதையும் நாம் அறிய வேண்டும். விலையேற்றத்துக்கு வணிகர்களின் பேராசையே காரணம் என்று ஆணையின் முன்னுரை சாடுகிறது. கூடுதல் விலைக்கு விற்றவருக்கும், வாங்கியவருக்கும், சரக்கைப் பதுக்கியவருக்கும் மரண தண்டனை. அக்காலத்தில் வாழ்ந்த லாக்டான்ஷியஸ் என்ற எழுத்தாளர் இதன் விளைவைப் பதிவு செய்திருக்கிறார். அற்பப் பொருள்களுக்காக ரத்தம் சிந்தப்பட்டது, பயத்தால் சந்தைக்குச் சரக்கே வராமல் போயிற்று, விலை முன்னிலும் மோசமாக ஏறியது, கடைசியில் ஆணையைக் கைவிட நேர்ந்தது என்கிறார். அவர் அந்தப் பேரரசரின் எதிரி. ஆகவே கொஞ்சம் மிகையும் இருக்கலாம். ஆனாலும் கொள்முதல் விலைக்கும் கீழே உச்ச விலை வைத்தால் சரக்கு கடைக்கு வராது என்பதற்கு எந்தச் சாட்சியும் தேவையில்லை.

உடைந்த ஜாடிகளின் குன்று

விளக்குக்கு ஊற்றிய எண்ணெய் எங்கிருந்து வந்தது? ரோம் நகருக்கு வந்த எண்ணெயில் பெரும்பகுதி தென் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தது. சுமார் 70 கிலோ எண்ணெய் பிடிக்கும் பருத்த மண் ஜாடிகளில் அடைத்து அனுப்பினார்கள். காலி ஜாடியே 30 கிலோ கனக்கும். எண்ணெய் ஊறிச் சிக்கேறிய ஜாடியை மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே துறைமுகத்துக்கு அருகில் ஒரே இடத்தில் உடைத்துக் குவித்தார்கள். நாற்றம் அடங்கச் சுண்ணாம்பும் தூவினார்கள். அந்தக் குவியல் இன்றும் மோன்டே டெஸ்டாச்சோ என்ற பெயரில் 35 மீட்டர் உயரக் குன்றாக நிற்கிறது. அதில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஜாடித் துண்டுகளில் மையால் எழுதிய குறிப்புகளை 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிச் டிரெசல் என்ற ஜெர்மன் அறிஞர் படித்தறிந்தார். காலி ஜாடியின் எடை, உள்ளிருக்கும் எண்ணெயின் நிகர எடை, அனுப்பிய வணிகரின் பெயர், சோதித்த அதிகாரியின் குறிப்பு ஆகியவை அவற்றில் உள்ளன. எண்ணெய் டின்னில் மொத்த எடை, டின் எடை, நிகர எடை என்று இன்று நாம் பார்த்து வாங்குகிற அதே முறை. நம் புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், பின்னர் நடந்த அகழாய்வுகளிலும் மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் மது கொண்டுவந்தவையே மிகுதி. ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவையும் உண்டு.

ஆலிவ் எண்ணெய் எட்டாத விலையில் இருந்த இடங்களில் மண் விளக்கும் விலைபோகவில்லை. பிரிட்டன், ரைன் கரை போன்ற வடக்குப் பகுதிகளில் காலப்போக்கில் விளக்கு அருகிப்போய், விலங்குக் கொழுப்பில் செய்த மெழுகுத்திரி அதன் இடத்தைப் பிடித்தது. எகிப்தியர்களோ ஆமணக்கெண்ணெயை விளக்குக்கு ஊற்றினார்கள். அதன் வாடை பொல்லாதது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். அதே எண்ணெய்க்கு நாம் விளக்கெண்ணெய் என்றே பெயர் வைத்திருப்பது இங்கே நினைத்துப் பார்க்கத்தக்கது. எந்த ஊரானாலும் விளக்கின் விற்பனையை எண்ணெயின் விலையே நிர்ணயித்தது. ஒன்றோடொன்று சேர்ந்து விற்கும் சரக்குகளில் ஒன்றின் விலை ஏறினால் மற்றொன்றின் கொள்முதலையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பாடம்.

புத்தாண்டுப் பரிசு

விற்பனை உத்தியிலும் அவர்கள் சளைத்தவர்கள் அல்லர். ரோமானியர் புத்தாண்டில் ஒருவருக்கொருவர் பரிசளிக்கும் வழக்கம் உடையவர்கள். அதற்கென்றே தனி விளக்குகள் செய்தார்கள். வெற்றித் தேவதை கையில் கேடயம் ஏந்தி நிற்பாள். கேடயத்தில் புத்தாண்டு மங்களமாகவும் இன்பமாகவும் அமையட்டும் என்ற வாழ்த்து இருக்கும். சுற்றிலும் காசு, பேரீச்சம்பழம், அத்திப்பழம் முதலியவற்றின் உருவங்கள் இருக்கும். பண்டிகைக்கென்று தனிச் சரக்கு இறக்குவது அன்றைக்கே கைவந்த கலை. 2016-இல் சுவிட்சர்லாந்தின் வின்டிஷ் என்ற ஊரில், பழைய ரோமானியப் படைமுகாம் அருகே, ஒரு சமையல் பானைக்குள் 22 மண் விளக்குகளும் ஒவ்வொரு விளக்கிலும் ஒரு செப்புக் காசும் வைத்துப் புதைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஏதோ வழிபாட்டுக்காக வைத்திருக்கலாம். விளக்கோடு காசு வைத்துக் கும்பிடும் மனம் நமக்கும் புதிதல்ல.

நம் கடைக்கு என்ன பாடம்?

ஃபோர்ட்டிஸ் முதலாளி நல்ல சரக்கு செய்தார். பெயர் வாங்கினார். அந்தப் பெயரைக் காக்க அவருக்குச் சட்டம் இல்லை. கடைசியில் அவர் பெயரிலேயே, அவர் கண்ணால் பார்த்திராத ஊர்களில், அவர் விளக்கைவிடச் சிறிய விளக்குகள் விற்றன. அவருக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேர்ந்திராது.

நமக்கு அந்த நிலை இல்லை. நம் உறுப்பினர்களில் பலர் சொந்தப் பெயரில் மசாலாப்பொடி, அப்பளம், ஊதுவத்தி, செக்கு எண்ணெய் அடைத்து விற்கிறார்கள். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி முத்திரையைப் பதிவு செய்தால் பத்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு உண்டு. பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவகத்தின் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பெயர் பிரபலமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது நல்லதல்ல. பெயர் பிரபலமாகும்போதுதான் நகலும் கிளம்பும்.

விற்பனை மட்டும் செய்வோருக்கும் இதில் பங்கு உண்டு. போலி முத்திரையிட்ட சரக்கை விற்பவருக்கு அதே சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் இருக்கிறது. தக்க எச்சரிக்கையோடு வாங்கினேன், போலி என்று சந்தேகப்பட எனக்குக் காரணம் இருக்கவில்லை, யாரிடம் வாங்கினேன் என்ற விவரம் முழுவதையும் கேட்டபோது கொடுத்தேன் என்று நிரூபிப்பவருக்கே விலக்கு கிடைக்கும். நிரூபிக்கக் கையில் இருக்க வேண்டியது கொள்முதல் பில். பில் இல்லாமல் நாலு காசு குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப்போடும் சரக்கு, கடையில் இருக்கும்வரை ஆபத்துதான்.

சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் பழக்கத்தையும் விடக்கூடாது. எழுத்து மழுங்கியிருக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா, எடை சரியா என்று அருங்காட்சியக அறிஞர்கள் 1900 ஆண்டு பழைய விளக்கில் பார்ப்பதையே நாம் நேற்று வந்த டின்னிலும் பாக்கெட்டிலும் பார்க்க வேண்டும். லேபிளில் கம்பெனிப் பெயர் எவருடையதாக இருந்தாலும், வாடிக்கையாளர் திரும்பி வந்து கேட்கப்போவது நம் கடைப் பெயரைச் சொல்லித்தான்.